அத்திப்பட்டில் ஓய்வுக்காலம்

கடலோர ஊரொன்றில் வாரக்கணக்கில் அவசரமின்றித் தங்கி இளைப்பாறுவதாகிய நெடுந்தங்கலுக்குப் புதுச்சேரியையும் கோவளத்தையும் நாடுவோர், கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டி நின்று செல்லும் அத்திப்பட்டைக் கருதாமல் விடுவது வியப்புக்குரியது. அண்டையிலுள்ள எண்ணூர், 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஐரோப்பியர் பங்களா கட்டிக் கடற்காற்று வாங்கிய ஓய்விடமாகையால், மரபுக்கும் குறைவில்லை. காற்று மட்டும் கண்ணுக்குத் தெரியாதிருந்த அக்குறையை வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் நீக்கிவருகிறது. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்துகளாகிய எரிசாம்பல் சன்னல் விளிம்பில் தானே வந்து படிவதால், கடற்கரை மணலைத் தேடி விருந்தினர் வெயிலில் அலைய வேண்டியதில்லை. மின்நிலையத்தைக் குளிர்வித்த நீர் வெம்மையோடு வெளியேறுவதால் வெந்நீர்க் குளியலுக்குத் தனிக்கட்டணம் இல்லை. எண்ணெய்க் குளியலும் விடுபடவில்லை. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியபோது, நாளும் முறைப்படி சனிக்கிழமையாகவே அமைந்திருந்தது.

இவ்வளவு வசதிகளுக்கிடையே முன்பதிவு செய்யாமலே தலைமுறை தலைமுறையாக நெடுந்தங்கல் மேற்கொண்டிருப்போரும் உளர். அவர்கள் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள். கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்வரத்துக் குறைந்துவிட்டதால், கேளாமலே அவர்களுக்கு ஓய்வு அளிக்கப்பட்டுவருகிறது.