மேற்படியாரும் நானும் ஒருவரே

பெருமதிப்பிற்கும் அதைவிடப் பேரச்சத்திற்கும் உரிய பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவின் சமூகத்திற்கு, தாவரவியல் துறை முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

சென்ற செவ்வாய்க்கிழமை நான் கொண்டுவந்த சினாப்சிஸ் ஃபைலைத் தாங்கள் திருப்பித் தந்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஃபைல் என்று இருந்தால் திரும்பத்தான் செய்யும். இந்த முறை சொன்ன காரணம் புதிது, அவ்வளவுதான். 2018-ல் பதிவுப் படிவத்தில் ஒட்டிய போட்டோவையும் கவுண்டருக்கு வெளியே நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்த தங்கள் உதவியாளர், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "யாரும்மா இது, உங்க தங்கச்சியா?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். சூப்பரின்டெண்டன்ட் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தார். என் கன்னத்தில் இருக்கும் கறுப்புத் தடம் போட்டோவில் இல்லை. படிவத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று மட்டுமே இருக்கிறது. எனவே, 'மேற்படி புகைப்படத்தில் உள்ளவரும் விண்ணப்பதாரரும் ஒருவரே என்பதற்கு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று இணைக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி ஃபைல் என் கைக்கு வந்தது. முழங்கையைக் காட்டட்டுமா சார் என்று கேட்டேன். அதற்கு விதியில் இடமில்லையாம்.

தங்கள் கூர்மையை மெச்சுகிறேன். எனக்கே கொஞ்ச காலமாக இந்தச் சந்தேகம் உண்டு. மேற்படியாரை எனக்குத் தெரியும், ஆனால் நெருங்கிய பழக்கம் என்று சொல்வதற்கில்லை. மூன்றே வருஷத்தில் முடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் போட்ட விதியைப் படித்துவிட்டு, "அந்த மேலும் ரெண்டு யாருக்கு வேணும்?" என்று சிரித்தவர். அந்த மேலும் இரண்டில்தான் இப்போது என் ஜாகை. நீட்டிப்புக் கட்டணம், தாமதக் கட்டணம், தாமதமாக நீட்டித்ததற்கான கட்டணம் எல்லாம் என் கணக்கில்தான் போகின்றன. மேற்படியார் ஒரு ரூபாய் கட்டியதில்லை.

கன்னத்துத் தடத்தைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வது ஆய்வாளரின் கடமை. என் களம் பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு. படகேறி வருகிறவர்கள் சுரபுன்னை வேர்களைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் தேடிப் போனது தில்லை மரத்தை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான மரம். ஊருக்குள் தில்லை வனம் போய்ப் பல காலமாகிறது, பார்க்க வேண்டுமென்றால் இந்த உப்பங்கழிக்குத்தான் வரவேண்டும். இலையைக் கிள்ளினாலே பால் வடியும். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. "பாத்தும்மா, காத்து திரும்புது" என்று படகுக்கார அண்ணன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு கிளை உரசிக்கொண்டு போனது. கண்ணுக்கு இரண்டு விரல்கடை கீழே பட்டது.

மருத்துவச் செலவுக்கு எழுதிக் கேட்டபோது, ஆய்வாளர் ஊழியர் அல்ல, மாணவர் என்று பதில் வந்தது. சரி, மாணவர்தானே என்று பஸ் பாஸுக்குக் கையெழுத்துக் கேட்டபோது, ஆய்வாளர் சாதாரண மாணவர் அல்ல என்று தலையை ஆட்டினீர்கள்.

ஆக, உங்கள் ஆராய்ச்சிக்காகப் போய் வாங்கி வந்த தழும்பைச் சுட்டிக்காட்டி, நீ நீயே இல்லை என்கிறீர்கள். பால் இரண்டு விரல்கடை மேலே தெறித்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? 'புகைப்படத்தில் இரு கண்கள், விண்ணப்பதாரருக்கு ஒன்று, விளக்கம் தரவும்' என்றா? அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஒருவராவது, ஒரு தடவையாவது, "வலிச்சுதாம்மா" என்று கேட்டீர்களா?

மன்னிக்கவும். இப்போது குறுக்கே பேசியது மேற்படியார். அலுவலக நடைமுறை அவருக்கு இன்னும் பழகவில்லை.

சான்று கேட்டு முதலில் என் கைடிடம்தான் போனேன். கைடு மிக நல்லவர். இதை நான் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதமும் உரிய வழியில், அவர் கையெழுத்தோடுதான் தங்களிடம் வந்து சேரவேண்டும். பேராசிரியர் ஒருவர் எட்டு ஆய்வாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. எங்கள் சார் விதியை மீறியதே இல்லை, எட்டுக்கு எட்டு வைத்திருக்கிறார். என் மூன்றாம் அத்தியாயம் அவருடைய காரின் பின்சீட்டில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கழித்தது. நடுவில் அவர் கார் மாற்றினார், அத்தியாயமும் புது காருக்கு மாறியது. திருத்தித் தந்தபோது, இரண்டாவது அத்தியாயத்தை முதலில் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். "இது ஏன் முதல்ல இருக்கு? ரெண்டாவதா வெச்சாதானே ஃப்ளோ வரும்?" என்றார். வந்தது.

குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தபோது அதன் ஏழு அளவுகோல்களில் மூன்றுக்கு ஃபைல் கட்டியது நான். சாரின் பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். செமஸ்டர் விடைத்தாள், கருத்தரங்குப் பை, சிறப்பு விருந்தினரைப் பஸ் ஸ்டாண்டில் அழைத்துவருவது என்று அலையாத்திக் காட்டில் கற்க முடியாத எத்தனையோ பாடங்களைத் துறையில் கற்றேன். இவற்றுக்கு மட்டும் கிரெடிட் கொடுத்திருந்தால் கோர்ஸ் ஒர்க் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அப்பேர்ப்பட்ட சார் போட்டோவைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்து, "நல்ல பொண்ணும்மா இது, சுறுசுறுப்பா இருக்கும். டிஸ்கன்டின்யூ பண்ணிடுச்சுல்ல?" என்றார்.

நான்தான் சார் அது என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அப்படியா என்றார். இருந்தாலும் சான்று எழுதித் தந்தார். அதைத் தாங்கள் ஏற்கவில்லை. நெறியாளர் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்ட தரப்பாம். இத்தனை வருஷமாக என்னைப் பார்க்கிறவர் சொன்னால் செல்லாது. என்னை வாழ்நாளில் பார்த்திராத அரசிதழ் அலுவலர் ஒருவர் பச்சை மையில் எழுதினால் செல்லும். புறவயமான பார்வை என்றால் என்ன என்று கோர்ஸ் ஒர்க்கில் ஒரு பாடம் உண்டு. அதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

ஆனாலும் ஒரு சின்ன ஐயம். இதே ஃபைலில் கருத்துத் திருட்டுச் சோதனை அறிக்கை ஒன்று இருக்கிறது. பிற நூல்களோடு ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2018-ல் வந்த விதி. என் ஆய்வேடு தாண்டியது. தாண்ட வைத்தது யாருடைய எழுத்து என்று பார்த்தால், சாட்சாத் மேற்படியார் 2021-ல் வெளியிட்ட கட்டுரை. தில்லையின் விதை முளைப்பு பற்றிய பத்திகளை நான் அவரிடமிருந்து அப்படியே சுட்டுவிட்டதாக மென்பொருள் மஞ்சள் பூசிக் காட்டியது. அப்போது தாங்கள் என்ன செய்தீர்கள்? கட்டுரையை எழுதியவரும் ஆய்வேட்டை எழுதியவரும் ஒருவரே என்று கைடிடம் சான்று வாங்கிவரச் சொன்னீர்கள். வாங்கிவந்தேன். முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டீர்கள். ஃபைலில் பச்சைக் கொடி வைத்த பக்கம் அது.

ஆக, திருட்டு விவகாரத்தில் நாங்கள் இருவரும் ஒருவர், முக விவகாரத்தில் இருவர். ஒருவர்தான் என்றால் இந்தச் சிவப்பு மை எதற்கு? இருவர் என்றால் நான் திருடி, தாங்கள் அதற்கு முத்திரை குத்தியவர்கள். எது சவுகரியமோ அதை வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை.

அந்தக் கட்டுரையின் கதையும் தங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிவந்த இதழ், மானியக் குழு ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டீர்கள், இருந்ததைக் காட்டினேன். வெளியான தேதியில் இருந்ததா என்று கேட்டீர்கள், அதையும் காட்டினேன். 2025 பிப்ரவரியில் மானியக் குழு அந்தப் பட்டியலையே கைவிட்டது. அதற்குப் பிறகும் தங்கள் செக் லிஸ்ட்டில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 2022 நவம்பரில் வந்த புது விதியில் இல்லை. எனக்கு அந்தச் சலுகை இல்லை, நான் பழைய விதிக்காரி. பழைய விதிப்படி கட்டுரை, புது வழக்கப்படி கட்டணம். மேற்படியார் நான்கு வருஷம் தள்ளிப் பிறந்திருக்கலாம்.

பணம் பற்றிப் பேசுவது ஆராய்ச்சிக்கு அழகல்ல. ஆனாலும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்குகிறவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அதை வாங்காத முழுநேர ஆய்வாளருக்குத் தாங்கள் தருவது பூஜ்யம். அவர் வெளியே வேலைக்கும் போகக் கூடாது, முழுநேரம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். வைவா அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குப் பொன்னாடை, பழத்தட்டு, துறை முழுவதற்கும் மதியச் சாப்பாடு. எந்த விதியிலும் இது எழுதப்படவில்லை. எழுதப்படாத விதி ஒன்றைக்கூட இங்கே யாரும் மீறி நான் பார்த்ததில்லை. சைவமா அசைவமா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

2024 அக்டோபரில் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்க மேடையேறிய ஓர் ஆய்வாளர் ஆளுநர் கையில் மனுவைக் கொடுத்தார். கைடுகள் வீட்டு வேலை வாங்குகிறார்கள், பணம் கேட்கிறார்கள் என்பது அதன் சாரம். எங்கள் விடுதியில் அந்த வீடியோவை யாரும் சத்தமாகப் பார்க்கவில்லை. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அவரவர் கட்டிலில், திரும்பத் திரும்பப் பார்த்தோம். பட்டம் கைக்கு வரும் நாள் வரைக்கும் வாயைத் திறக்க முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தத் தெம்பில்தான் "தங்கச்சியா" என்று கேட்கிறீர்கள்.

மீண்டும் மேற்படியார். அவரைக் கண்டித்து வைக்கிறேன்.

தங்கள் கருணையால் பச்சை மை கிடைத்துவிட்டது. பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதித் தந்தார். என்னை அவர் பார்க்கவில்லை, பிரேயர் நடந்துகொண்டிருந்தது. ஆள் மூலம் உள்ளே அனுப்பி வாங்கிவிட்டேன். இதைவிடப் புறவயமாக ஒரு சான்றைத் தர யாராலும் முடியாது. அதை இணைத்திருக்கிறேன். கூடவே புதிதாக எடுத்த போட்டோ ஒன்றும், தடம் நன்றாகத் தெரியும்படி. ஃபைல் நகர்வதற்குள் முகம் இன்னும் மாறினால் அவ்வப்போது புதுப் படம் அனுப்பிவைக்கிறேன். ஆய்வேடு தந்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முடியவேண்டும் என்று மானியக் குழு சொல்கிறது. அந்த ஆறு மாதம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பது தங்கள் டெஸ்பாட்ச் நோட்டுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

கடைசியாக ஒன்று. ஆய்வேட்டின் அச்சுப் பிரதிகளோடு சி.டி.யும் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் சி.டி. எழுதித் தரும் கடை ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, எழுதி வாங்கிவிட்டேன். தங்கள் பிரிவில் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் எதிலும் சி.டி. போடும் தட்டு இல்லை என்று கவுண்டர் வழியாகப் பார்த்தேன். தட்டு தனியாகக் கடையில் கிடைக்கிறது. வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருகிறேன், பில்லை மட்டும் எங்கள் இருவரில் யார் பெயரில் போடுவது என்று எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
விண்ணப்பதாரர்
(மேற்படியாருக்காகவும்)