ஒரே ஃபைல், ஊரெல்லாம் வீடு

கேள்வி: டிஸ்க்கில் பாதி இடம் காலி. அப்படியும் பெரிய வீடியோ ஃபைலைப் படிக்க ஏன் இவ்வளவு நேரம்?

பதில்: எவ்வளவு இடம் காலி என்பதைவிட, அது எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. கல்யாண கோஷ்டிக்கு ரயிலில் பெட்டிக்கொரு சீட் கிடைத்தால், புளியோதரைப் பொட்டலம் கொடுப்பவர் கதி என்ன? ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் ஹெட்டின் கதியும் அதுவே. 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். துண்டுக்குத் துண்டு தாவினால் படிப்பதைவிடத் தேடுவதில்தான் பொழுது போகும்.

பழைய யூனிக்ஸில் பிளாக்கை, அதாவது ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகை, 512 பைட்டிலிருந்து 1,024 ஆக்கியதும் வேகம் கூடியது, ஆனால் நிலைக்கவில்லை. புதிதில் விநாடிக்கு 175 கிலோபைட் ஓடியது, சில வாரப் புழக்கத்தில் 30-க்கு இறங்கியது. யூனிக்ஸைத் திருத்திய பெர்க்லி பல்கலைக்கழகக்காரர்கள் பிளாக்கைக் குறைந்தது 4,096 பைட் ஆக்கி, ஒரே ஃபைலின் பிளாக்குகளை அக்கம்பக்கத்தில் குடிவைத்தார்கள். பத்து சதவீத இடத்தைக் காலியாகவும் விட்டார்கள். வீண் என்று தோன்றும். முழுக்க நிரம்பிய டிஸ்க்கில் சேர்ந்தாற்போல் இடம் தேடிப் பார்த்தவருக்குத் தோன்றாது.

லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் இன்னும் விவரமானது. எழுதச் சொன்னதும் இடம் ஒதுக்காமல், மெமரியில் சேரவிட்டு மொத்தமாக ஒதுக்கும். 4 கேபி பிளாக்கில், தொடர்ச்சியான 128 எம்பி எங்கே இருக்கிறது என்று குறிக்க ஒரே பதிவு போதும். ஃபைலின் அளவு முன்பே தெரிந்தால் ‘ஃபாலோகேட்’ மூலம் இடத்தை ரிசர்வ் செய்துவிடலாம். எஸ்எஸ்டி-யில் ஹெட் இல்லாததால் இந்தத் தலைவலி பெருமளவு குறைவு.