அர்த்தநாரீஸ்வர ரிட்டர்ன்

1940-களில் அமெரிக்க ஆண்களுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. ஓக்லஹோமா, ஒரேகான், மிச்சிகன், நெப்ராஸ்கா, பென்சில்வேனியா என்று மாநிலம் மாநிலமாகச் சட்டசபையில் உட்கார்ந்து, 'நான் சம்பாதிப்பதில் சரிபாதி என் மனைவிக்குச் சொந்தம்' என்று சட்டம் போட்டார்கள். உமையவளுக்குப் பாதி உடம்பைக் கொடுத்த சிவபெருமானே கைலாயத்திலிருந்து எட்டிப் பார்த்திருப்பார். என்ன, அவர் கொடுத்தது காதலால். இவர்கள் கொடுத்தது வருமான வரியால்.

உடனே திட்ட ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் நீங்களும் நானும் முதல் வரிசையில் நின்று கை தூக்கியிருப்போம்.

விஷயம் இதுதான். வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். 1944-ல் அமெரிக்காவின் உச்ச ஸ்லாப் 94 சதவீதம். அச்சுப்பிழை இல்லை, தொண்ணூற்று நான்கேதான். ஒரே ஆள் இருபதாயிரம் டாலர் சம்பாதித்தால், உச்சத்துக்கு இல்லாவிட்டாலும், சில ஸ்லாப் மேலே ஏறி உதை வாங்க வேண்டும். அதையே புருஷன் பேரில் பத்தாயிரம், பெண்டாட்டி பேரில் பத்தாயிரம் என்று இரண்டு ரிட்டர்னாகப் போட்டால் இருவருமே கீழ் ஸ்லாபோடு தப்பித்துவிடலாம். ஆபீஸ் போனது என்னவோ ஒருத்தர்தான். சம்பாதித்தது மட்டும் இரண்டு பேர்!

இந்த வித்தையை முதலில் செய்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியா வக்கீல் கய் ஏர்ல். பாவம், அவருக்கு அது வித்தை என்றே தெரியாது. 1901-லேயே, 'இனி நாம் இருவரும் சம்பாதிப்பதெல்லாம் இருவருக்கும் பொது' என்று மனைவியோடு எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் நிரந்தரமாக வருமான வரி வந்தது 1913-ல். ஆக, அது கலப்படமே இல்லாத சுத்தமான அன்பு, வேண்டுமானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையே குத்தலாம். வரித்துறைதான் குத்த மறுத்துவிட்டது.

கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1930 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். வயது 89, மீசைக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி போடலாம். ஒரு மரத்தில் காய்த்த பழத்தை இன்னொரு மரத்தில் காய்த்ததாகக் கணக்குக் காட்ட முடியாது என்றார். ஏர்ல்தான் மரம், சம்பளம் பழம், எனவே முழு வரியும் ஏர்ல் தலையில். திருமதி ஏர்ல் எந்த வகைத் தாவரம் என்று கோர்ட் விசாரிக்கவே இல்லை.

ஹோம்ஸிடம் வரி விஷயத்தில் இரக்கம் எதிர்பார்த்ததே தப்பு. மனுஷன் வரி கட்டுவதை ரசித்துச் செய்கிற அபூர்வப் பிறவி. 1935-ல் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை அமெரிக்க அரசுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அரசாங்கம் முடிவெடுக்க இருபது வருஷம் ஆனது. பிடுங்கியே பழகியவர்களிடம் ஒருத்தர் தானாக வந்து கொடுத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அதே 1930, நவம்பர். அதே கோர்ட். இந்த முறை வந்தவர் வாஷிங்டன் மாநிலத்துக்காரர் சீபோர்ன். சம்பளத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தானும் மனைவியும் தனித்தனி ரிட்டர்ன் போட்டிருந்தார். கோர்ட், 'தாராளமாக!' என்றது. அட, ஏர்ல் செய்த பாவம் என்ன? ஏர்ல் மனைவியோடு ஒப்பந்தம் போட்டார். சீபோர்ன் ஒன்றுமே செய்யவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பதில் பாதி மனைவிக்கு என்று அவருடைய மாநிலச் சட்டமே சொல்லிவிட்டது. பெரும்பாலும் ஸ்பானிய, பிரெஞ்சு வழக்கங்களின் மிச்சமான இந்தச் சட்டம் அப்போது எட்டு மாநிலங்களில் இருந்தது. பாசத்தோடு பாதி கொடுத்தவருக்கு அபராதம், பேசாமல் உட்கார்ந்திருந்தவருக்குத் தள்ளுபடி.

(நம் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பான் கார்டு, ஆளுக்கொரு ரிட்டர்ன். ஆனால் கோவாவில், போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன சிவில் சட்டத்துக்கு உட்பட்ட தம்பதிக்கு வாடகை, பிசினஸ் வருமானமெல்லாம் இன்றும் இரண்டாகப் பிரிந்துதான் வரிக்கு வரும். சம்பளம் மட்டும் பிரியாது. ஆக, கோவாவுக்குக் குடிபோகிறேன் என்று கிளம்பும் ஐ.டி. இளைஞர்கள் உட்காரலாம்.)

சீபோர்ன் கேஸில் யார் எந்தப் பக்கம் நின்று பேசினார்கள் என்று பாருங்கள். வரித்துறை சொன்னதன் சாரம்: "பாதி சொந்தம் என்பதெல்லாம் பேருக்குத்தான். வாங்குவது, விற்பது, முடிவெடுப்பது எல்லாம் புருஷன். அந்த அம்மாவுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" புருஷன் தரப்பு: "என்ன இப்படிச் சொல்லிவிட்டீர்கள்! பாதி அவளுடையதுதான். நான் நிர்வாகம் பார்க்கிற வெறும் ஏஜென்ட்." அந்தக் காலத்துக் குடும்பப் பெண்ணின் உண்மை நிலைமையைக் கோர்ட்டில் புட்டுப்புட்டு வைத்த புண்ணியவான் இன்கம்டாக்ஸ் ஆபீசர் ஒருவர்தான். கேஸில் தோற்றதும் அவர்தான்.

கலிஃபோர்னியா இதில் இன்னும் பிஎச்.டி. அங்கேயும் ஸ்பானிய வழக்கம்தான். ஆனால் மனைவியின் பாதி அங்கே வெறும் எதிர்பார்ப்பு, உரிமையே இல்லை என்று சொல்லிச் சொல்லியே மாநில கோர்ட்டுகள் பழக்கியிருந்தன. 'அப்படியானால் முழு வரியையும் புருஷனே கட்டட்டும்' என்று 1926-ல் சுப்ரீம் கோர்ட் வழிமொழிந்ததும் கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, மனைவியின் பாதி இப்போதே இருக்கிற, சமமான உரிமை என்று எழுதிக்கொண்டார்கள். நிர்வாகம்? அது புருஷனிடமே இருக்கட்டும் என்றார்கள். 1975 வரை இருந்தது.

எட்டு மாநிலத்துக்காரன் அனுபவிக்கிறான், மற்ற நாற்பதுக்காரன் வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்ப்பானா? இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் வருமான வரி பணக்காரன் தலைவலி. 1942-க்குப் பிறகு அது எல்லார் வீட்டுத் தலைவலி. ஓக்லஹோமா 1939-லேயே முந்திக்கொண்டு, 'வேண்டுமென்கிற தம்பதி மட்டும் பாதி பாதிக்கு மாறலாம்' என்று ஆப்ஷனல் சட்டம் கொண்டுவந்தது. 'ஆப்ஷன் என்றால் அது ஏர்ல் போட்ட ஒப்பந்தம் மாதிரிதான், செல்லாது' என்று 1944-ல் சுப்ரீம் கோர்ட் கதவைச் சாத்தியது. ஓக்லஹோமா அசரவில்லை. 1945-ல் எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட்டது. கல்யாணம் ஆனவன் மனைவியைச் சமமாக மதித்தே தீர வேண்டும், வேறு வழியில்லை!

மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். பென்சில்வேனியாவின் சட்டத்தை மட்டும் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்தது. நாடு முழுக்கச் சொத்துச் சட்டம் இப்படிக் கந்தரகோலமாவதைப் பார்த்த அமெரிக்க நாடாளுமன்றம், அதாவது காங்கிரஸ், 1948-ல் ஒரு காரியம் செய்தது. எந்த மாநிலமானாலும் சரி, தம்பதி சேர்ந்து ஒரே ஜாயிண்ட் ரிட்டர்ன் போட்டால் வருமானத்தைப் பாதி பாதியாகப் பிரித்த மாதிரியே வரி போடுகிறோம் என்றது. அதிபர் ட்ரூமன் வரிக்குறைப்பு மசோதாக்களை முந்தைய வருஷமே இரண்டு முறை வீட்டோ செய்திருந்தார். இதையும் செய்தார். காங்கிரஸில் கட்சி பேதமில்லாமல் சேர்ந்துகொண்டு அந்த வீட்டோவைத் தூக்கி எறிந்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சரி, இப்போது சொல்லுங்கள். மனைவிக்குப் பாதிச் சொத்து கொடுத்த அந்தப் புது மாநிலங்கள் என்ன செய்திருக்கும்?

அதேதான். 1948, 49-க்குள் மிச்சிகன், நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, ஒரேகான், எல்லாம் சட்டத்தைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டன. வரியில் லாபம் டெல்லி மாதிரி மேலிடத்திலிருந்தே கிடைத்த பிறகு, வீட்டில் எதற்கு வீண் செலவு?

ஜாயிண்ட் ரிட்டர்னில் ஒரு கையெழுத்தும் இருந்தது. மனைவி போடவேண்டிய கையெழுத்து. புருஷன் நீட்டுவான், அவள் அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போவாள். அவன் கணக்கில் புளுகியிருந்தால் முழு வரிப் பாக்கியையும் அவளிடமும் வசூலிக்கலாம் என்பது பின்னால்தான் தெரியும். கம்பெனிப் பணத்தைக் கையாடிய கணவன்மார்களின் மனைவிகள் இப்படி மாட்டிக்கொண்டு தவித்த பிறகு, 1971-ல் 'அப்பாவித் துணைவர்'களுக்கு விலக்கு தர ஒரு சட்டம் வந்தது. வருமானத்தில் பாதி கொடுக்க யோசித்தவன், பாக்கியில் மட்டும் முழுசாகவே கொடுத்தான்.

'மாட்டிக்கொண்ட கணவன்' கதை வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே சாய்ஸே கிடையாது. மனைவியின் வருமானம் புருஷனின் வருமானம், அவ்வளவுதான். 1882-ல் மனைவி தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது, ஆனால் வரித்துறைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல. லண்டன் பள்ளி ஆசிரியர் மார்க் வில்க்ஸ், வாத்தியார் சம்பளம். அவர் மனைவி எலிசபெத் டாக்டர், வருமானம் அதிகம், போதாததற்குப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடுகிறவர். ஓட்டில்லையேல் வரியில்லை என்று அவர் மறுக்க, பில் மார்க்குக்கு வந்தது. மனைவியின் பணத்தைத் தொட அவருக்கு உரிமையில்லை, அதற்கு வரி கட்ட மட்டும் கடமை உண்டு. 1912-ல் மனுஷனைப் பிரிக்ஸ்டன் ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

ஊர் சிரித்தது. கண்டனக் கூட்டத்தில் பெர்னார்ட் ஷா வந்து பேசினார். அவருக்கும் சொந்தக் கவலை இருந்தது. அவர் மனைவி சார்லட் பெரிய பணக்காரி, அவள் வருமானம் எவ்வளவு என்று எனக்கெப்படித் தெரியும் என்று வரித்துறையோடு ஏற்கெனவே மல்லுக்கட்டியவர் அவர். சுமார் இரண்டு வாரத்தில் மார்க்கை வெளியே விட்டார்கள். சட்டம் மட்டும் 1990 ஏப்ரல் வரை உள்ளேயே இருந்தது. அதாவது, மார்கரெட் தாட்சர் என்கிற இரும்புப் பெண்மணி பதினோரு வருஷம் நாட்டை ஆட்டிப்படைத்த காலம் கிட்டத்தட்ட முழுவதும், வரிச் சட்டத்தின் பொதுவிதிப்படி மனைவியின் வருமானம் புருஷனுடையது. மந்திரிகள் நடுங்கினார்கள், வரி ஃபாரம் நடுங்கவில்லை.

மறுபடி அமெரிக்கா. தம்பதிகள் சந்தோஷமாக இருந்தால் யாராவது எரிந்தாக வேண்டுமே? எரிந்தவர்கள் கல்யாணமாகாதவர்கள். அதே வருமானத்துக்குச் சில ஸ்லாபில் தம்பதியைவிட நாற்பது சதவீதம் வரை கூடுதல் வரி. கனெக்டிகட்டின் தொழிலதிபர் விவியன் கெல்லம்ஸ் அம்மையார், தனிக்கட்டை, வருஷா வருஷம் வெற்று ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிப் போராடினார். கோர்ட்டில் தோற்றார், ஊரில் ஜெயித்தார். 1969-ல் சட்டம் திருத்தப்பட்டு, தனியாள் வரி தம்பதி வரியைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகாது என்று ஆனது.

ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் வீங்கும். இப்போது இரண்டு பேரும் வேலைக்குப் போகிற தம்பதி, கல்யாணம் செய்துகொண்ட ஒரே குற்றத்துக்காகக் கூடுதல் வரி கட்ட வேண்டிவந்தது. தனித்தனி ரிட்டர்ன் போட்டு ஆளுக்கொரு தனியாள் மாதிரி தப்பிக்கலாமே என்றால் விடமாட்டார்கள். 'கல்யாணமானவர், தனி ரிட்டர்ன்' என்று அதற்கு வேறு டேபிள், வேறு விகிதம்.

மேரிலாந்தில் ஒரு தம்பதி, இருவருமே மத்திய அரசு ஊழியர்கள், ஃபாரத்தைக் கூர்ந்து படித்தார்கள். டிசம்பர் 31 அன்று நீங்கள் கல்யாணமானவரா என்பதுதான் கேள்வி. மற்ற 364 நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1975 டிசம்பரில் ஹைத்திக்குப் பறந்து டைவர்ஸ் வாங்கினார்கள். ஊர் திரும்பி, ஜனவரியில் மறுபடி கல்யாணம். மிச்சமான வரிப்பணத்தில் கரீபியன் டூர் செலவு கழிந்தது. அடுத்த வருஷமும் அதேபோல் ஒரு டைவர்ஸ், ஒரு கல்யாணம். ரகசியமாகக்கூட அல்ல, பகிரங்கமாக!

வரித்துறை பதறிப்போய், வரிக்காகப் பிரிந்து சேர்கிறவர்களைப் பிரிந்தவர்களாகவே கருத மாட்டோம் என்று 1976-ல் அறிவிப்பு வெளியிட்டது. நாட்டில் குடும்பம் உடையாமல் காக்கும் பொறுப்பு இன்கம்டாக்ஸுக்கு வந்து சேர்ந்தது. வரி கோர்ட், டைவர்ஸே செல்லாது என்றது. 1981-ல் அப்பீல் கோர்ட், டைவர்ஸ் செல்லுமா என்பது இருக்கட்டும், அது வெறும் டுபாக்கூர் ஏற்பாடா என்று பாருங்கள் என்று கேஸைத் திருப்பி அனுப்பியது. லெட்டர்பேட் கம்பெனிகளைப் பிடிக்க வைத்திருந்த அளவுகோலை எடுத்து ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பார்த்த அபூர்வ கேஸ்.

இரண்டாவது டைவர்ஸுக்கு அவர்கள் ஹைத்தி போகவில்லை என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஒரே இடத்துக்கு இரண்டு முறை எதற்கு என்று டொமினிகன் குடியரசுக்குப் போனார்கள். மேப்பில் பாருங்கள். இரண்டும் ஒரே தீவுதான், ஆளுக்குப் பாதி. சரிபாதி என்று மட்டும் சொல்ல முடியாது.