சின்னச் சந்தேகனார்

வங்கியில் முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்ற மறுமாதம், இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் குறுந்தொகை வகுப்புக்குப் போகப்போவதாக வீட்டில் அறிவித்தேன். மனைவி கீரை ஆய்வதை நிறுத்தாமலே, “முதியோர் கல்வியா?” என்றாள்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் தலைமுறையில் வேறு அர்த்தம். 1978 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ராத்திரி நேரத்தில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் சிலேட்டில் ‘அ’ போட்டதை, நாங்கள் பையன்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சிரித்த பாவம் சும்மா விடுமா?

வகுப்பு ஒரு நூலகத்தின் மாடி அறையில். இருபது மாணவர்கள்; வயதைக் கூட்டினால் ஆயிரத்து இருநூறைத் தாண்டும். எல்லார் பையிலும் நோட்டு, கண்ணாடி, மாத்திரை டப்பா. பாடம் எடுப்பவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் இருபத்தெட்டு வயதுப் பெண். அவர் எங்களை ‘சார்’ என்பார். நாங்கள் அவரை ‘மேடம்’ என்போம். இரண்டு பக்கமும் கூச்சம் சமமாக இருந்ததால் வகுப்பு ஒழுங்காக நடந்தது.

முதல் நாள், “ஏதாவது கேள்வி இருக்கா?” என்றார். நான் எழுந்து, “சர்டிபிகேட் உண்டா மேடம்?” என்றேன். இல்லையாம். பரீட்சையும் இல்லை, மார்க்கும் இல்லை. வட்டியே தராத டெபாசிட்டில் பணத்தைப் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓய்வுபெற்றவர்களுக்குப் பாடம் நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோருமே நாற்பது வருஷம் யாருக்காவது உத்தரவு போட்டவர்கள். பேசத் தெரியும், கேட்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். எங்கள் வகுப்பில் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். “ஒரு சின்ன சந்தேகம்” என்று எழுந்தாரென்றால், சிந்துவெளியில் புறப்பட்டு, கீழடியில் சற்று இளைப்பாறி, மகன் இருக்கும் நியூஜெர்சியில் போய்த்தான் இறங்குவார். வழியில் எங்கும் கேள்விக்குறி வராது.

குறுந்தொகை சின்னப் பாட்டுகளின் தொகுப்பு. நாலு அடி முதல் எட்டு அடி வரை. கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு. பாடிய சிலருடைய சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. அதனால் பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராக்கி விட்டார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், விட்ட குதிரையார். இதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து பொறியாளர் எங்களுக்குச் ‘சின்னச் சந்தேகனார்’ ஆகிவிட்டார். எதற்கெடுத்தாலும் கம்பராமாயணத்துக்குத் தாவும் முன்னாள் தாசில்தார் ‘கம்பனிலும் உண்டார்’. ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லும் பெரியவர் ‘குளிர் தாங்கார்’.

இந்த நூலுக்குப் பழைய உரை ஒன்று இருந்ததாம். 380 பாட்டுக்குப் பேராசிரியரும், அவர் விட்ட 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியரும் எழுதியதாகச் சொல்கிறார்கள். இரண்டுமே கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் தானே உரை எழுதி 1937-ல் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது 82. மாடிப்படி ஏறி வந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் இதைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டோம்.

நாலாவது வாரம் ‘சிறைப்புறம்’ வந்தது. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பான். தோழி அவனைப் பார்க்காதவள் போலத் தலைவியிடம் பேசுவாள். பேச்சு தலைவிக்கு, சேதி அவனுக்கு: ‘இப்படி ஒளிந்து ஒளிந்து வந்தது போதும், கல்யாணத்துக்கு வழி பண்ணு.’ ஆண்கள் எல்லோரும் மும்முரமாகக் குறிப்பு எடுத்தோம். வகுப்பில் இருந்த ஐந்து பெண்களும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை விளங்கியது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி சமையலறையிலிருந்து கும்பகோணத்து அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமாக்கா, தண்ணி ஃபில்டர் பதினஞ்சு நாளா ஒழுகிட்டுதான் இருக்கு. யாருக்கு நேரம்? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேஞ்ச மழையைப் பத்தில்ல இங்க படிப்பு நடக்குது.”

பேப்பர் கையிலேயே நின்றது. பேசுபவள் மனைவி. கேட்பவர் அக்கா. கேட்க வேண்டியவன் பேப்பருக்கு இந்தப் பக்கம் இருக்கிறான். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாக அக்காவுக்கு என்று நான் காதில் வாங்காமல் விட்ட சேதிகள் எத்தனையோ!

அவள் தொடர்ந்தாள். “எனக்கும் படிக்கணும்னு ஆசைதான். பிளஸ் டூவோட நிறுத்திட்டாங்களே. இப்ப மட்டும் யாரு கூட்டிட்டுப் போகப்போறா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

அவள் பெண்களோடு பின் வரிசையில் உட்கார்ந்தாள். மறுபடியும் ஒரு சிறைப்புறப் பாட்டு. “தோழி ஏன் அவன்கிட்ட நேரா சொல்லலை?” என்று ஆசிரியை கேட்டார். சின்னச் சந்தேகனார் எழுந்தார். அவர் சிந்துவெளியை எட்டுவதற்குள் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்த குரல் வந்தது:

“நேரா சொன்னா யாரு கேக்கறா?”

அறையே அதிர்ந்தது. ஆசிரியை சிரித்து முடித்துவிட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதினார். சந்தேகனார் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்தார். நான்கு வாரத்தில் அவருக்குத் தீர்ந்த முதல் சந்தேகம் அதுதான்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். “உங்களுக்கு அங்க என்ன பேரு வச்சிருக்காங்க தெரியுமா?”

“எனக்கா? எனக்கு எதுக்குப் பேரு?”

“சர்டிபிகேட் உண்டானார்.”

வீட்டுக்கு வந்ததும் கும்பகோணத்துக்குப் போன் போயிற்று. “கிளாஸ் ரொம்ப நல்லா இருந்துதுக்கா. அந்த ஃபில்டர்தான் இன்னும்…”

நான் எழுந்து ஸ்பேனரைத் தேடினேன். இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படவில்லை.