பொம்மைக்கும் நிறம் பார்ப்பார்கள்

கேள்வி: இணைய விளையாட்டில் என் மகள் ஆண் உருவத்தில்தான் ஆடுகிறாள். முகம் தெரியாத இடத்திலுமா பேதம் பார்ப்பார்கள்?
– ஒரு வாசகி, ஆங் மோ கியோ

பதில்: பார்க்காமலா! பெண் குரல் கேட்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று விசாரிக்கும் மன்மதர்கள் அங்கே ஏராளம்.

நிறமும் உண்டு. 2008-இல் வெளிவந்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில், ஒரு மெய்நிகர் உலகில் பொம்மை உருவங்களை உதவி கேட்க விட்டார்கள். முதலில் பெரிதாகக் கேட்டு, மறுத்ததும் சிறிதாகக் கேட்பது. தேக்கா சந்தைப் பேரம் மாதிரி. அந்த உத்தியால் வெள்ளைப் பொம்மைக்கு இணங்கியவர்கள் 20 சதவீதம் கூடினார்கள். கறுப்புப் பொம்மைக்கு 8தான்.

நம் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் 1989 முதல் இன ஒதுக்கீடு இருக்கிறது; இணைய விளையாட்டில் அதுவும் கிடையாது. யாராவது தொல்லை கொடுத்தால் மகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2014-இல் நிறைவேறிய துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இணையத்துக்கும் செல்லும்.