உல்லன் அத்தை

அத்தை வருகிறார் என்று போன் வந்தால், வீட்டில் பால் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஸ்டூலைத் தேடுவோம். பரண் ஏறியாக வேண்டும். அங்கே ஒரு பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள், அந்துருண்டை வாசனையோடு, அத்தை இதுநாள்வரை எங்களுக்குப் பின்னிக் கொடுத்த அத்தனையும் துயில் கொண்டிருக்கின்றன. நிலைவாசல் தோரணம், ஃப்ரிட்ஜ் கைப்பிடி உறை, மிக்ஸிக்குச் சட்டை, சோபா முதுகு விரிப்பு, டீப்பாய்க்கு வட்டம், தண்ணீர் ஜக்குக்கு மணி கோத்த மூடி, கார் சாவிக்கு ஆந்தை. எல்லாம் அதனதன் இடத்தில் ஏறி உட்கார அரை மணி நேரம் பிடிக்கும். அத்தை திருச்சி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசி முடிக்கவும் அதே அரை மணி நேரம்தான். அந்த ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பின்னிக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. கொடுத்ததைப் பார்க்க வருகிறாரே, அதுதான். கல்யாணத்துக்கு ஹாட்பாக்ஸ் கொடுத்தவர் மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் அதை மறந்திருப்பார். நாமும் பிரிக்காமல் அடுத்த கிரகப்பிரவேசத்துக்குத் தள்ளிவிடலாம். ஊரைச் சுற்றி நம்மிடமே திரும்பி வந்தாலும் யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. கையால் பின்னியதைத் தள்ளிவிட முடியாது. தூக்கிப் போட்டால் பாவம். உபயோகிக்கலாம் என்றால், ஜக்கில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மூடியில் கோத்த மணி ஒவ்வொன்றாக டம்ளரில் விழுகிறது.

அத்தையின் ஆய்வு அறிவித்துவிட்டு நடப்பதில்லை. உட்கார்ந்ததும் "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்பார். என் மனைவி எழுந்திருப்பதற்குள், "நீ இரு, நானே எடுத்துக்கறேன்" என்று சமையலறைக்குள் போய்விடுவார். ஃப்ரிட்ஜில் கைப்பிடி உறை இருக்கும். அது போதாது. உறையைத் திருப்பி உட்புறம் பார்ப்பார். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் இருந்தால் சரி, வீட்டில் புழங்குகிறது. புதுக்கருக்கு அழியாமல் இருந்தால் போச்சு. இதற்காகவே என் மனைவி, பரணிலிருந்து உறை இறங்கியதும் தாளிக்கிற கையோடு வந்து இரண்டு தரம் தடவிவிட்டுப் போவாள்.

"துவைக்கறியாம்மா?"

"மாசாமாசம் துவைக்கறேன் அத்தை."

"கொடியிலதான போடற?"

இது பொறி. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் பின்னல் இழுபட்டு நீண்டுவிடும். பாயில் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவனுக்கும் இது தெரியும். "பாய்ல விரிச்சு, நிழல்ல" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொல்வோம்.

அடுத்து ஹால். லேண்ட்லைனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பல வருஷம் ஆயிற்று. கருவி மட்டும் இன்னும் மூலை ஸ்டாண்டில் இருக்கிறது, ஒயர் எதிலும் சொருகாமல். ரிசீவருக்கு மெரூன் கலரில் சட்டையும், அடிப்பாகத்துக்குச் சுருக்கு வைத்த பாவாடையும் அத்தை போட்டது. போனை எடுத்துவிட்டால் பாவாடையை யாருக்குக் கட்டுவது? ஒருமுறை என் மகன் ரிசீவரைக் காதில் வைத்து, "இதுல சத்தமே வரல பாட்டி" என்று காட்டிக்கொடுத்துவிட்டான். லைன் ரிப்பேர் என்று சமாளித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வருகையிலும், "இன்னுமா சரி பண்ணல? கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கினியா?" என்று கேட்கிறார்.

டீவி கதை இன்னும் மோசம். பெட்டி டீவி காலத்தில் அதன் தலையில் அரை வட்டமாக ஒரு விரிப்பும், விரிப்பின் மேல் தஞ்சாவூர் பொம்மையும் இருக்கும். அகலமும் ஆழமும் இருந்த டீவி, தாங்கிக்கொண்டது. பிறகு சுவரில் மாட்டுகிற டீவி வாங்கினோம். அதன் முதுகு நாலு விரல் கனம்கூட இல்லை. அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குப் போனார். அடுத்த தடவை, அந்தக் கனத்துக்கே அளவெடுத்தது மாதிரி நீள ரிப்பன் ஒன்று வந்தது, முன்பக்கம் குஞ்சம் தொங்க. அத்தை இருக்கும் நாட்களில் எந்தச் சேனல் என்றே தெரியாது, லோகோ குஞ்சத்துக்குள் போய்விடும். செய்தி வாசிக்கிற பெண்மணி, பொருளாதார நிபுணர், பவுலர் எல்லாருக்கும் நெற்றியில் ஊதா நிறக் கத்தரிப்பு முடி.

இதில் ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள். கும்பகோணத்தில் என் பெரியப்பா மகன் வீட்டுத் தோரணத்தை எலி கடித்துவிட்டது. அத்தை அங்கே வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் தோரணத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். அதே மாங்காய், அதே கிளி. அத்தை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழேயிருந்து மூன்றாவது கிளியின் வாலைத் தொட்டார். "இது திருச்சிக்காரனுக்குப் போட்டது. பச்சை நூல் பத்தாமப் போயி, இந்த வால்ல மட்டும் வேற பச்சை சேத்தேன். இங்க எப்படி வந்துது?" அடகு வைத்த நகையில் ஒரு கல் மாறினால் சொந்தக்காரிக்குத் தெரியுமே, அப்படி. அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டான். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் புதிதாக ஒன்று போட்டார், முன்னதைவிட ஒரு முழம் கூடுதலாக.

ஆத்திரத்தில் ஒருநாள், இதற்கெல்லாம் மூலகாரணம் யார் என்று தேட ஆரம்பித்தேன். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, 1820களில் அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அந்தக் கைவேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்காரர் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார், வீட்டுக்காரி ஊர்ப் பெண்களின் கையில் நூலைக் கொடுத்தார். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அத்தையிடம் சொன்னேன்.

"அது தலகாணி லேஸ்டா. தலகாணில குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைல நூலச் சுத்திப் போடறது. குரோஷாவுக்கு ஒரே ஊசி, ஒரே கொக்கி. அது வேணும்னா கோதாவரிப் பக்கம் நரசாப்பூர்ல போய்ப் பாரு" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். நரசாப்பூரிலும் மிஷனரிகள் மூட்டிவிட்டதுதான். ஆனால் இந்த ஊர்களிலெல்லாம் பெண்கள் பின்னியதை விற்றார்கள், கைக்குக் காசு வந்தது. வாங்கின துரைசானி வீட்டுக்குப் போய் யாரும் ஜன்னல் திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு உலகத்திலேயே பெரிய குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறியது. 11,148.5 சதுர மீட்டர். ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால். பலர் வீட்டில் உட்கார்ந்து பின்னியவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள், சாதனை முடிந்ததும் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சாதனை அவரை அசைக்கவில்லை. "யார் போட்டது யாருக்குப் போச்சுன்னு எழுதி வெச்சிருப்பாங்களோ?" என்று கேட்டார்.

பென்குவினைப் பற்றியும் அவரே ஒருநாள் யூடியூபில் பார்த்துவிட்டுச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் பிலிப் தீவு என்று ஒரு இடம். கடலில் எண்ணெய் கொட்டி, குட்டி பென்குவின்கள் அதில் மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தால், அலகால் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமல் இருக்க, குளிப்பாட்டிவிடுகிற வரைக்கும் கம்பளிச் சட்டை போட்டுவிடுகிறார்களாம். சட்டை பின்னித் தாருங்கள் என்று கேட்டதுதான் தாமதம், உலகமெங்கும் இருக்கிற உல்லன் அத்தைகள் பின்னித் தள்ளிவிட்டார்கள். மிஞ்சிய சட்டைகளைப் பொம்மை பென்குவின்களுக்கு மாட்டி விற்று நிதி திரட்டுகிறார்கள். கொடுத்துவைத்த பறவை. சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, தேறியதும் பறவையைக் கடலில் விட்டுவிடுகிறார்கள், யாரும் பின்னாலேயே நீந்திப்போய் "போட்டுக்கறியா?" என்று கேட்பதில்லை.

என் மகன் பிறந்தது அக்னி நட்சத்திரத்தில். குல்லா, ஸ்வெட்டர், கையுறை, காலுறை நாலும் ஒரே மஞ்சளில் வந்தன. உல்லன் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலும் ஆட்டு ரோமமே கிடையாது, அக்ரிலிக். வியர்வையை உறிஞ்சாது. ஒரு போட்டோ, அவ்வளவுதான், உடனே கழற்றிவிடலாம் என்று ஒப்பந்தம். அந்தப் போட்டோவில் பிள்ளை அழுகிற அழுகையை இப்போது பார்த்தாலும் எனக்கு முதுகில் வேர்க்கிறது.

குழந்தைக்காவது கழற்றிவிட அம்மா இருந்தாள். போன சித்திரையில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அத்தை மப்ளர் கொண்டுபோனார், நான் பை தூக்கிக்கொண்டு போனேன். பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, கழுத்தில் சுற்றிவிட்டு, போட்டோ எடுத்தாயிற்று. ஒரு பாட்டி மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அங்கே வேலை பார்க்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தடவை பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூல் வாங்கிய காசுக்கு எத்தனையோ பாக்கெட் வாங்கியிருக்கலாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த இல்லத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன? அத்தை மட்டுமில்லை, பிறந்தநாள் கேக்கோடு போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை.

ஆட்டோவில் வரும்போது அத்தையிடம் சொல்லிவிட்டேன். தில்லைநகர் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "டயப்பர் கடைல கிடைக்கும், யார் வேணா வாங்கித் தரலாம்" என்றார். மறு மாதம் பென்ஷன் வந்ததும் அவரே ஆறு பாக்கெட் வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சுருக்குப் பை பின்னியிருந்தது.

உட்கார்ந்து அவர் பின்னுவதைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். குரோஷா பின்னுகிற மெஷின் புழக்கத்தில் கிடையாது. எங்கே பார்த்தாலும் அது யாரோ ஒருவர் கை போட்டதுதான். இருபது வரிசை ஏறிய பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி தப்பியிருப்பது தெரிந்தால், அத்தை ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுப்பார். இரண்டு நாள் வேலை சர்ரென்று அவிழ்ந்து மடியில் சுருள் சுருளாக விழும். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. மறுபடி சங்கிலியிலிருந்து ஆரம்பிப்பார். "யாருக்குத் தெரியப் போகுது அத்தை?" என்றால், "பின்ன?" என்று மட்டும் கேட்பார்.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வாரமே அத்தையிடமிருந்து என் பெயருக்கு பார்சல். உள்ளே ஒட்டிய கவர் ஒன்று, "பிரிக்காம அவங்க கைல குடுத்துட்டு வா" என்ற குறிப்போடு. என்னவென்று என் மனைவிதான் பிறகு சொன்னாள். அக்ரிலிக் இல்லை, மெல்லிய பருத்தி நூலில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த செயற்கை மார்பு. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது. சிலிக்கானில் கிடைக்கிறதாம், கனம், விலையும் அதிகம். இப்படிப் பின்னித் தருகிற தன்னார்வலர்கள் அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்று அத்தை எப்போதோ படித்து வைத்திருந்திருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்துபோய்விட்டார். அந்த வீட்டைக் கடந்துதான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வாசலில் அந்தப் பெண்மணி நின்றால், "சௌக்கியமா?" என்பார். நிற்காமல் வந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் மட்டும் சலுகை கிடையாது. புதிதாக வைஃபை போட்டிருக்கிறோம் என்று என் மகன் போனில் உளறிவிட்டான். மறுநாள் காலையே வாட்ஸப்பில் கேள்வி: "அந்தப் பெட்டி என்ன நீளம், என்ன அகலம்? கொம்பு எத்தனை?" இரண்டுதான். வேலை கூடினால் யோசிப்பார் என்று கணக்குப் போட்டு, ஆறு என்று அனுப்பினேன்.

"பரவால்ல. ஆறுக்கும் ஆறு கலர் போட்டுடறேன். தீபாவளிக்கு வரேன்" என்று பதில் வந்திருக்கிறது. ஆறு கொம்பு வைத்த பெட்டி என்ன விலை என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.