சிரி பாப்பா, அட்மிஷன் நடக்குது

நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் பாதுகாப்புக்கு ஒரு குறைவும் இல்லை. பேரன் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பாட்டி வந்தால், வாட்ச்மேன் கேட்டிலேயே மடக்கிவிடுவார். "உள்ள விடக் கூடாதும்மா, பசங்க சேஃப்டி." பாட்டி ரெஜிஸ்டரில் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, போன் நம்பர் கொடுத்து, சோற்றை ஸ்டூலில் வைத்துவிட்டு வெயிலில் திரும்ப வேண்டியதுதான். அதே நேரம் மாடியில், இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில், பேரன் இன்ஸ்டாகிராமில் ஓடிக்கொண்டிருக்கிறான். பாட்டி எட்டிப் பார்க்கக் கூடாத வகுப்பை பாட்னாவில் படுத்திருப்பவன் பார்க்கலாம். அவனுக்கு ரெஜிஸ்டர் கிடையாது.

வகுப்பை வீடியோ எடுப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. தான் எங்கே தடுமாறுகிறோம், எந்தப் பிள்ளையைக் கவனிக்காமல் விடுகிறோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ள நினைக்கிற ஆசிரியருக்கு அது பெரிய உதவி. அதற்கு வழியும் எளிது. கேமராவைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் வைத்துக் கரும்பலகையைப் பார்க்கத் திருப்பினால், பிள்ளைகளின் பின்னந்தலையும் ரெட்டை ஜடையும்தான் தெரியும். ஆசிரியர் முழுசாகத் தெரிவார். வேண்டாம் என்ற வீட்டுப் பிள்ளைகளைக் கேமராவில் விழாத பக்கம் உட்கார வைக்கலாம். பாடம் அவர்களுக்கும் கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் ஒலியை வெட்டலாம். பார்க்க வேண்டியவர் பார்த்ததும் அழித்துவிடலாம். ஆனால் இதில் ஒரு பேராபத்து இருக்கிறது: பாடம் எப்படி நடக்கிறது என்பது அம்பலமாகிவிடும். கரெஸ்பாண்டென்ட் மாதம் 10,000 ரூபாய்க்கு யாரைப் பிடித்து வந்து நிறுத்தியிருக்கிறார் என்பதும் சேர்த்து. ஆகவே நம் கேமராக்கள் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கின்றன.

என்ன பார்க்கின்றன? "ஏழெட்டு எவ்வளவுடா?" "அம்பத்தி... நாலு மிஸ்." மிஸ் சிரிக்கிறார், வகுப்பு சிரிக்கிறது, பையன் சட்டைப் பித்தானைத் திருகுகிறான். அந்தத் திருகலுக்கு மேல் ஒரு வடிவேலு வசனம், கண்ணீர் விட்டுச் சிரிக்கும் நாலு எமோஜி, பள்ளியின் லோகோ, 'அட்மிஷன் ஓப்பன்'. சாயங்காலத்துக்குள் அது மாமா வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். மறுநாள் வேன் டிரைவர் கூப்பிடுவார்: "ஏறுடா அம்பத்திநாலு." தப்பாகச் சொல்லித் திருத்திக்கொள்ளத்தானே ஐயா பள்ளிக்கூடம்? அந்தத் தப்பையே ஊர் ஊராக ஓட்டிக்காட்டி அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிப்பவனை என்னவென்று திட்டுவது?

கேட்டால் பதில் தயார்: "பேரண்ட்ஸ் சைன் பண்ணிட்டாங்க சார்." பண்ணினார்கள். அட்மிஷன் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில், வேன் கட்டணத்துக்கும் ஷூ அளவுக்கும் நடுவில், எறும்பு எழுத்தில். வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்க, பேனாவோடு உட்கார்ந்திருக்கும் தகப்பன் "இதுக்கு மட்டும் சம்மதமில்லை" என்று சொல்வானா? இந்த நாடகத்தைச் சுவீடனில் நடத்திப் பார்த்தார்கள். ஷெலெஃப்தியோ என்ற ஊரில் ஒரு பள்ளி, 22 மாணவர்களின் முகத்தைக் கேமராவில் பிடித்து வருகைப் பதிவு எடுத்தது. சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்றது. பள்ளிக்கு அடங்கியிருப்பவர்கள் கொடுக்கும் சம்மதம் சம்மதமே ஆகாது என்று சொல்லி, 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2,00,000 குரோனா அபராதம் போட்டது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 2019 ஜூலையில் டெல்லி அரசு வகுப்பறைக்குள் கேமரா வைத்துப் பெற்றோரின் கைபேசிக்கு நேரலை விடும் திட்டத்தைத் தொடங்கியது. தன் பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் அடுத்தவர் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு 2023 ஆகஸ்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயது நிறையாதவரின் தரவைத் தொட, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அதே சுலபத்தோடு திரும்பப் பெறலாம். குழந்தைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பிரமாதம். விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம். சட்டம் வந்த வருஷம் எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை, அது அமலுக்கு வருகிறபோது இரண்டாம் வகுப்பை முடித்து, இருநூறு ரீல்ஸில் நடித்து, அனுபவசாலி ஆகியிருக்கும்.

இதில் கேலி செய்ய முடியாத இடம் ஒன்று உண்டு. அடித்து நொறுக்கிய புருஷனிடமிருந்து தப்பி, வேற்றூரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, யாருக்கும் முகவரி சொல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தாய்மார்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பிள்ளை ஆடும் பதினைந்து விநாடி வீடியோ போதும்: சீருடை, பேட்ஜில் பள்ளியின் பெயர், சுவரில் வகுப்பும் பிரிவும், கீழே ஊர்ப்பெயரோடு லொகேஷன். துரத்துகிறவனுக்கு இதைவிடத் துல்லியமாக யார் வழிகாட்ட முடியும்? அவன் அந்தக் கேட்டுக்கு வந்து நிற்கும் நாளில், வாட்ச்மேன் ரெஜிஸ்டரை நீட்டுவார். அவனும் அழகாகக் கையெழுத்துப் போடுவான்.

"எங்க பள்ளியில ஒளிவுமறைவே கிடையாது சார், எல்லாம் டிரான்ஸ்பரன்ட்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார் கரெஸ்பாண்டென்ட். நல்லது. அப்படியானால் கேமராவை இரண்டாம் வகுப்பிலிருந்து கழற்றி, மே மாதத்தில் நன்கொடை எண்ணுகிற அவர் மேசைக்கு மேலே மாட்டுவோம். ரசீது கேட்கும் தகப்பனுக்கு அவர் சொல்லும் பதிலை வடிவேலு வசனத்தோடு நேரலையில் விடுவோம். தன் முகத்தை மட்டும் மங்கலாக்கச் சொல்லிக் கெஞ்சினால், செய்து கொடுத்துவிடலாம். நாம் அவரளவுக்கு மோசமானவர்கள் இல்லை.